6. மண் தடத்துக்கு எந்த சைலன்சர்?

“அண்ணே, சவுண்டும் கெத்தா வரணும், பிக்கப்பும் ஏறணும்.” சைலன்சர் மாற்றப் பட்டறைக்கு வரும் இளைஞர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். சத்தம் கூடினால் வேகமும் கூடும் என்பது தார்ச்சாலையில் பழகிய காதின் கணக்கு. மண் தடத்தில் அது பலிக்காது. அங்கே பந்தயத்தை முடிவுசெய்வது, வளைவு முடிந்து வண்டி நிமிர்கிற சில மீட்டர் தூரம். பாதி திறந்த ஆக்சிலேட்டரில், புழுதியில் நழுவிக்கொண்டிருக்கும் பின்சக்கரத்துக்கு இன்ஜின் தன் விசையை எப்படிக் கொடுக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் முன்னால் போவதும் பின்தங்குவதும். சைலன்சரை மாற்றுவது அந்த விசை வரும் விதத்தை மாற்றுவது. இந்த அத்தியாயத்தில் சொல்லும் எல்லாவற்றையும் அந்தச் சில மீட்டரை மனத்தில் வைத்தே படியுங்கள்.

குழாய்க்குள் நடப்பது

முதலில் ஃபோர் ஸ்ட்ரோக். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் எரிந்த வாயு வெளியே கிளம்புகிறது. அந்த வாயுவை முந்திக்கொண்டு ஓர் அழுத்த அலை குழாய் வழியே ஓடுகிறது. சூடான புகையில் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர். குழாய் திடீரென்று அகலமாகும் இடத்தை எட்டியதும் அலையின் ஒரு பகுதி தலைகீழாகி, உறிஞ்சும் அலையாக வால்வை நோக்கித் திரும்பி வருகிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் குறுகிய நேரத்தில் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் தங்கிய புகையை இழுத்து வெளியேற்றிப் புதுக் கலவைக்கு இடம் செய்துகொடுக்கும். ஊஞ்சலை ஆட்டிவிடும் கணக்குதான் இது. சரியான நேரத்தில் தள்ளினால் உயரும், நேரம் தவறினால் தள்ளிய கையே தடையாகிவிடும்.

8,000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் ஒரு சுற்று சுற்ற ஏழரை மில்லி நொடி ஆகும். ஒரு மில்லி நொடிக்குள் அந்த அலை அரை மீட்டர் போய்விடும். அதனால்தான் சிலிண்டரிலிருந்து மஃப்ளருக்குப் போகும் பெண்ட் பைப்பில் சில சென்டிமீட்டரைக் கூட்டினாலும் குறைத்தாலும், அலை சரியாக வந்து உதவும் ஆர்.பி.எம். இடம் மாறிவிடுகிறது. நீண்டு ஒடுங்கிய குழாய் கீழிலும் நடுவிலும் இழுவை தரும். குட்டையான அகலக் குழாய் உச்சத்தில் தரும். எல்லா ஆர்.பி.எம்.மிலும் ஒரே மாதிரி உதவும் குழாயை இதுவரை யாரும் செய்ததில்லை. ஓரிடத்தில் கிடைத்தால் வேறோரிடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருப்பார்கள். விளம்பரத்தில் உச்சக் குதிரைத்திறனை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால், எங்கே விட்டுக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள். டைனோ வரைபடம் கொடுத்தால் கோட்டின் உச்சியை விட்டுவிட்டு, நீங்கள் வளைவை விட்டு வெளியே வரும் ஆர்.பி.எம்.மில் கோடு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். பள்ளமும் மேடும் இல்லாமல் சீராக ஏறும் கோடுதான் மண்ணுக்கு ஏற்றது.

பெண்ட் பைப்பின் நடுவே உருண்டையாக ஒரு வீக்கம் வைத்த குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் எஃப்.எம்.எஃப். நிறுவனம் ‘பவர்பாம்’ என்ற பெயரில் இதைப் பரவலாக்கியது. அலையை ஒரே இடத்தில் திருப்பாமல் நடுவழியிலும் கொஞ்சம் திருப்பி, இழுவையைப் பரவலாக்குவது இதன் நோக்கம். யமஹா வேறு வழியில் போனது. 2010-இல் வந்த ஒய்.இசட்.450எஃப்.-இல் சிலிண்டர் தலையை முன்பின்னாகத் திருப்பி, காற்று முன்னால் நுழைந்து புகை பின்னால் வெளியேறும்படி செய்தார்கள். 2014 மாடலில் பெண்ட் பைப் சிலிண்டரையே சுற்றிக்கொண்டு போகிறது. குழாய்க்குத் தேவையான நீளமும் கிடைக்கிறது, எடையும் வண்டியின் நடுவே வந்து சேர்கிறது. இப்படிப்பட்ட வண்டிக்கு வெளியிலிருந்து வாங்கும் பெண்ட் பைப் அதற்கென்றே வளைத்ததாக இருக்க வேண்டும். ‘எல்லா 450-க்கும் பொருந்தும்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

டூ ஸ்ட்ரோக்: குழாயும் இன்ஜினில் பாதி

டூ ஸ்ட்ரோக்கில் ஃபோர் ஸ்ட்ரோக்கைப் போல இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு கிடையாது. புகை வெளியேறும் துவாரம் திறந்திருக்கும்போதே புதுக் கலவையும் உள்ளே வருகிறது, அதில் ஒரு பகுதி புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடுகிறது. இதைத் தடுக்கும் வேலை குழாயுடையது. எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்ற அந்தப் பானை வயிற்றுக் குழாயில் முதலில் விரியும் கூம்பு, பிறகு நேரான வயிறு, அதன்பின் ஒடுங்கும் கூம்பு, கடைசியில் ஒல்லியான வால் குழாய். விரியும் கூம்பு உறிஞ்சும் அலையைத் திருப்பி அனுப்பிச் சிலிண்டரைக் காலி செய்ய உதவும். ஒடுங்கும் கூம்பு அழுத்தும் அலையைத் திருப்பி அனுப்பி, வெளியே ஓடிய கலவையைத் துவாரம் மூடுவதற்குள் மறுபடி உள்ளே தள்ளும்.

இந்த வித்தையைக் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் 1950-களில் பக்குவப்படுத்தியவர் வால்ட்டர் காடன். கையில் பணமும் நல்ல உலோகமும் போதாத நிலையில் செய்தார். 1961-க்குள் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறனைத் தொட்டது. லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற கணக்கு அது. அதே ஆண்டு ஸ்வீடன் பந்தயத்தின்போது அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பி சுஸுகியில் சேர்ந்தார். காடனின் அறிவும் அவரோடு போனது. 1962-இல் டெக்னர் சுஸுகிக்கு 50 சிசி உலகப் பட்டம் வென்று கொடுத்தார். பின்னால் நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய ஜப்பானிய டூ ஸ்ட்ரோக்குகளில் எல்லாம் அந்த ஜெர்மன் பட்டறையின் சாயல் இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் ஆர்.எக்ஸ்.100-க்கும் ஷோகனுக்கும் நம்மூரில் நடந்த அநியாயம் புரியும். சைலன்சரின் வாலை அறுப்பது, உள்ளே இருக்கும் குழாயை உருவி எறிவது, வயிற்றில் துளை போடுவது என்று எத்தனை நல்ல வண்டிகளைப் பாழாக்கியிருக்கிறார்கள்! சத்தம் கூடும், உண்மை. அலை திரும்ப வேண்டிய சுவர் போய்விடுவதால் இழுவை இறங்கும், பெட்ரோல் வீணாகும். வால் குழாயின் உள்விட்டத்தை இஷ்டத்துக்கு மாற்றுவது அதைவிட ஆபத்து. அளவுக்கு மீறிச் சிறிதானால் வெப்பம் உள்ளே தங்கிப் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். பெரிதானால் அழுத்தம் தங்காமல் பலம் போகும். டூ ஸ்ட்ரோக் குழாயில் விழும் நெளிவும் இந்தக் கணக்கைக் கெடுக்கிறது. விழுந்து எழுந்த வண்டியின் வயிற்றுப் பகுதியில் கையகல நெளிவு இருந்தால் அதை எடுத்துவிட்டுத்தான் அடுத்த பந்தயத்துக்குப் போக வேண்டும். இரண்டு முனையையும் அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்து, வெளியே சூடு காட்டி நெளிவெடுக்கும் முறை தெரிந்த ஆளிடம் மட்டும் கொடுங்கள். அழுத்தம் அளவு மீறினால் அடைப்பு தோட்டா போலப் பாயும். இதை வீட்டில் முயல வேண்டாம்.

ஒரே இன்ஜினுக்கு இரண்டு மூன்று வகைக் குழாய் விற்பார்கள். எஃப்.எம்.எஃப்.-இன் ‘ஃபேட்டி’ பொதுப் பயன்பாட்டுக்கு. ‘நார்லி’ கீழ் ஆர்.பி.எம். இழுவைக்கு, தகடும் தடிமன். கல் தெறிக்கும் தடம், இறுக்கமான வளைவுகள், புதிதாகக் கற்றுக்கொள்ளும் வீரர் என்றால் என் கை இரண்டாவது வகைக்குத்தான் போகும். உச்சத்தில் திடீரென்று வெடித்துக் கிளம்பும் குழாய் வெளியே நின்று பார்ப்பவருக்கு அழகாக இருக்கும். ஓட்டுபவரின் முன்கையை அது சீக்கிரமே மரத்துப்போக வைக்கும்.

எந்தத் தடம், எந்த வண்டி

அமெரிக்காவில் டர்ட் ட்ராக் என்றால் முட்டை வடிவத் தட்டைத் தடம். இடப்பக்கம் மட்டுமே திரும்பும் வளைவுகள், அரை மைல், ஒரு மைல் சுற்றுகள். இடது காலில் இரும்புச் செருப்பு மாட்டிக்கொண்டு, மணிக்கு நூறு மைலுக்கு மேல் போய் வண்டியைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு வளைவார்கள். ஹார்லி-டேவிட்சன் எக்ஸ்.ஆர்.750 பல பத்தாண்டுகள் அங்கே கோலோச்சியது. 1972-இல் வந்த அலுமினிய இன்ஜின் வடிவத்தில் கார்புரேட்டர் இரண்டும் வலப்பக்கம், உயரத்தில் ஓடும் எக்ஸாஸ்ட் குழாய் இரண்டும் இடப்பக்கம். அந்த வி-ட்வின் இன்ஜினின் பலமே விசையைச் சீராகக் கொடுப்பதில்தான் இருந்தது.

அதற்கு நேர் எதிரான பாடம் 1975-இல் நடந்தது. கென்னி ராபர்ட்ஸ், யமஹாவின் டி.இசட்.750 தார்த்தட இன்ஜினை மண் வண்டிச் சட்டத்தில் ஏற்றி இண்டியானாபொலிஸ் மைல் பந்தயத்தில் ஓட்டினார். நான்கு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், நான்கு எக்ஸ்பான்ஷன் சேம்பர். எதிராளிகளைவிட மிக அதிகக் குதிரைத்திறன் இருந்தும் பின்சக்கரம் அதை மண்ணில் இறக்க முடியாமல் சுழன்றது. தடத்தின் வெளி விளிம்பில் திரண்டிருந்த மெத்தென்ற மண்ணில் பிடி தேடி ஓட்டிக் கடைசி நேரத்தில் ஹார்லிகளை முந்தி வென்றார். வென்றது அவருடைய திறமை. அந்த வண்டியை மறுபடி ஓட்ட அவருக்கே விருப்பம் இருக்கவில்லை, விரைவிலேயே பந்தய விதியும் அதைத் தடுத்துவிட்டது. ராபர்ட்ஸ் அளவுக்குக் கை இல்லாதவர்கள், அதாவது நாம் எல்லோரும், குழாய் வாங்கும்போது அந்தச் சுழன்ற சக்கரத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கோவை, சென்னை வட்டாரத்தில் நடக்கும் டர்ட் ட்ராக் பந்தயங்களின் தடம் வேறு மாதிரி. செம்மண்ணைக் குவித்து ஜம்ப், டேபிள் டாப், இரு பக்கமும் திரும்பும் கூர்மையான வளைவுகள். புழுதி அடங்கத் தண்ணீர் லாரி அடித்துவிட்டால் முதல் சில சுற்று வழுக்கும், பிறகு பிடி கிடைக்கும், வெயிலில் மறுபடி காய்ந்து பொடியாகும். நேர்ப்பாதை குறைவு என்பதால் உச்ச ஆர்.பி.எம்.மில் நீங்கள் இருக்கும் நேரமும் குறைவு. இங்கே கீழ், நடு இழுவை கொடுக்கும் குழாய்தான் வேலை செய்யும். ஜம்ப்புக்கு முன் இரண்டு வண்டி நீளமே இடம் இருக்கும்போது முறுக்கியவுடன் தயங்காமல் ஏறும் வண்டிதான் தாவும்.

எக்ஸ்பல்ஸ் 200, அப்பாச்சி போன்ற இந்திய வண்டியோடு தொடங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. சைலன்சருக்குச் செலவு செய்வதற்கு முன்னால் பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூட்டிப் பாருங்கள். செலவில் சைலன்சரின் சிறு பகுதிகூட ஆகாது, வளைவு விட்டு வரும் இழுவையில் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். அதன்பின் டயர், அதன்பின் சஸ்பென்ஷன். குழாய் நான்காவதாக வரட்டும். வாங்குவதற்கு முன் நீங்கள் கலந்துகொள்ளும் பிரிவின் விதியையும் வரிவரியாகப் படியுங்கள். இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அனுமதியோடு நடக்கும் பந்தயங்களில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது பிரிவுக்குப் பிரிவு மாறும். பந்தயத்துக்கு முந்திய பரிசோதனையில் திருப்பி அனுப்பப்பட்டால் அந்தப் பணமும் உழைப்பும் போச்சு.

ஏ.டி.வி.

நான்கு சக்கர ஏ.டி.வி. பந்தயம் அமெரிக்காவில்தான் செழித்தது. பந்தய ஏ.டி.வி.களின் பின் அச்சு ஒரே கம்பி, டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில் சுழல்வதால் வளைவில் ஒன்று நழுவியே ஆக வேண்டும். பைக்கைவிட எடையும் அதிகம், டயரும் அகலம். இத்தனையையும் நகர்த்தவும், நழுவலை ஆக்சிலேட்டராலேயே கட்டுப்படுத்தவும் நடு ஆர்.பி.எம். இழுவை பைக்கைவிட இன்னும் அதிகமாக வேண்டும். அதனால் யமஹா ஒய்.எஃப்.இசட்.450ஆர்., ராப்டர் 700 போன்றவற்றுக்கு வரும் நல்ல குழாய்கள் அதே அளவு பைக் குழாயிலிருந்து வேறுபட்டே இருக்கும். ராப்டரின் 686 சிசி ஒற்றைச் சிலிண்டரின் அடிக்குரல் தாழ்ந்தது. தாழ்ந்த ஒலி வெகுதூரம் போகும், சுவரையும் கடக்கும். பக்கத்தில் நிற்பவருக்குப் பெரிதாகத் தெரியாத சத்தம் தூரத்து வீட்டில் ஜன்னலை அதிர வைக்கும்.

பழைய பான்ஷீ 350-ஐப் பற்றிக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 347 சிசி, இரட்டைச் சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். 1987-இல் வந்தது. அதற்குச் சட்டத்துக்குள் அடங்கும் குழாய், சட்டத்துக்கு வெளியே பிதுங்கும் குழாய் என்று இரண்டு வகை விற்றார்கள். வெளியே பிதுங்குவது மணல் மேட்டில் நேராக ஏறிப் போவதற்கு. வளைவுள்ள தடத்தில் அது காலையும் சுடும், கல்லிலும் இடிக்கும்.

ஏ.டி.வி.யில் குழாய் உங்கள் தொடைக்கும் பிளாஸ்டிக் உடலுக்கும் பக்கத்தில் போகிறது. வெப்பத் தடுப்புத் தகடு இல்லாத குழாயை வாங்காதீர்கள். தோப்பு, புல்வெளிகளில் ஓட்டினால் காய்ந்த புல்லும் சருகும் பெண்ட் பைப்பைச் சுற்றி அடைந்துகொள்ளும். வண்டியை நிறுத்தி ஆள் இறங்கிப் போன பிறகு அது புகைந்து தீப்பிடிப்பது உண்மையிலேயே நடக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே குச்சி வைத்துச் சுரண்டி எடுங்கள். தீப்பொறி தடுக்கும் வலை உள்ள சைலன்சர் கிடைத்தால் அதையே எடுங்கள். அமெரிக்கத் தேசியக் காடுகளில் அது இல்லாமல் ஓட்டவே முடியாது. வலை அடைத்துக்கொண்டால் வண்டி திணறும் என்பதால் அவ்வப்போது கழற்றி கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும்.

வாங்கும்போது

பின்பக்க மஃப்ளரை மட்டும் மாற்றுவது ஒரு வழி, பெண்ட் பைப்போடு முழுத் தொகுதியையும் மாற்றுவது மற்றொன்று. மஃப்ளரை மட்டும் மாற்றினால் எடை குறையும், ஒலி மாறும், விசையில் சிறு மாற்றம் இருக்கும். இழுவை வரும் இடத்தையே மாற்ற வேண்டுமென்றால் பெண்ட் பைப் மாறியாக வேண்டும். எடையைப் பொறுத்தவரை டைட்டானியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட பாதி கனம். விலை பல மடங்கு. அடிக்கடி விழும் கட்டத்தில் இருப்பவருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெண்ட் பைப்பும் அலுமினிய மஃப்ளரும் போதும்.

யோஷிமுரா, அக்ரபோவிச் போன்ற பெயர்கள் பந்தயத்திலேயே வளர்ந்தவை. ஸ்லோவேனியாவின் இகோர் அக்ரபோவிச் தானே பந்தய வீரராக இருந்து, வெளியில் கிடைத்த குழாய்கள் பிடிக்காமல் தானே செய்யத் தொடங்கியவர். அந்தப் பெயர் பொறித்த ஸ்டிக்கரோடு சில ஆயிரம் ரூபாய்க்குக் கடைத்தெருவிலும் ஆன்லைனிலும் விற்பவை போலிகள். ஒன்றைக் கையில் எடுத்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சிறு துளைகள் போட்ட உள்குழாய் முனைவரை ஒரே விட்டத்தில் ஓட வேண்டும், துளைகளுக்குப் பின்னால் பஞ்சு தெரிய வேண்டும். பல போலிகளில் வெறும் டப்பாதான், உள்குழாய் பாதியிலேயே நின்றுவிடும். வெல்டிங் உள்பக்கம் உருண்டு திரண்டிருந்தால் அதுவே காற்றோட்டத்துக்குத் தடை.

உள்ளூரில் ஆர்கான் வெல்டிங் தெரிந்த நல்ல கைக்காரர் இருந்தால் போலியைவிட அவரிடம் செய்வதே மேல். பழைய பெண்ட் பைப்பைக் கழற்றிக் கொண்டுபோங்கள். நடுக்கோட்டில் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள், உள்விட்டத்தைக் காலிபரில் எடுக்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் சென்சார் மாட்டும் மரை எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் வர வேண்டும். வளைவுகளில் குழாய் தட்டையாகக் கூடாது. தாங்கு பட்டைக்கு ரப்பர் புஷ் கட்டாயம். ரப்பர் இல்லாமல் நேரடியாக போல்ட் போட்ட பட்டைதான் முதலில் விரிசல் விடும்.

மாட்டுவது

எல்லா இணைப்பையும் முதலில் தளர்வாக மாட்டுங்கள். சிலிண்டர் தலைப் பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி இறுக்கிக்கொண்டு போங்கள். பின்பக்கத்தை முதலில் இறுக்கினால் குழாய் இழுபட்டு நிற்கும், சூடேறும்போது ஸ்டட் முறியும். கேஸ்கட் புதிது போடுங்கள், பழையது பார்வைக்கு நன்றாக இருந்தாலும் சரி. ஆக்சிலேட்டரை விடும்போது பட்டாசு வெடிப்பதுபோலச் சத்தம் வந்தால், கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் இந்த இணைப்பில் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

இன்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும் முன் குழாயைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கைரேகை எண்ணெய் சூட்டில் வெந்து ஸ்டெயின்லெஸ்ஸிலும் டைட்டானியத்திலும் நிரந்தரக் கறையாகிவிடும். பின் சஸ்பென்ஷனை முழுவதும் அமுக்கி, டயரோ மட்கார்டோ பிரேக் ஓஸோ மஃப்ளரைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும்.

புகை தடையில்லாமல் போனால் காற்றும் அதிகம் வரும், கலவை லீன் ஆகும், அதாவது காற்றோடு ஒப்பிட்டால் பெட்ரோல் குறைந்துவிடும். கார்புரேட்டர் வண்டியென்றால் மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டி, முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, கிளட்ச் பிடித்து இன்ஜினை நிறுத்தி பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் இன்னும் பெட்ரோல் வேண்டும், கரி படிந்திருந்தால் அதிகம். வெளிர் பழுப்பு வரும்வரை ஒவ்வோர் அளவாக மாற்றுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் சந்தேகம் வந்தால் கொஞ்சம் அதிகப் பெட்ரோல் பக்கமே நில்லுங்கள், லீன் ஓட்டம் பிஸ்டனைப் பிடித்துவிடும். இடமும் கணக்கில் வரும். கடற்கரை ஊரோடு ஒப்பிட்டால் 2,200 மீட்டர் உயரத்து ஊட்டியில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் சரியாக இருந்த ஜெட் அங்கே அதிகப் பெட்ரோல் கொடுக்கும்.

இன்ஜெக்ஷன் வண்டியில் இ.சி.யு. சிறு மாற்றத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். முழுத் தொகுதி மாற்றினால் மேப்பும் மாற வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் வினையூக்கிப் பெட்டி புகைக்குழாயிலேயே இருப்பதால் குழாயை மாற்றும்போது அதுவும் போய்விடலாம். அப்படிப்பட்ட வண்டி அதன்பின் தடத்துக்கு மட்டும்தான்.

பஞ்சு

நம்மூரில் யாரும் கவனிக்காத வேலை இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மஃப்ளருக்குள் துளைக்குழாயைச் சுற்றி இருக்கும் கிளாஸ் வுல் ஒவ்வோர் ஓட்டத்திலும் கொஞ்சம் எரிகிறது, கொஞ்சம் துளை வழியே வெளியே பறக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் ஊறிக் கட்டியாகிறது. பஞ்சு போனதும் சத்தம் கரகரப்பாக, டப்பாவுக்குள் தட்டுவதுபோல மாறும். வெளித் தகடு முன்னைவிடச் சூடாகும், நிறம் மாறும். கீழ் இழுவையும் குறையும். “சவுண்டு இப்பதான் செட் ஆகியிருக்கு” என்று பலர் சந்தோஷப்படும் கட்டம் இது. அப்போதே திறந்தாக வேண்டும். 450 சிசி பந்தய வண்டியில் 15, 20 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்ல வழக்கம்.

மூடி எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு, ரிவெட்டின் தலையை மட்டும் டிரில் செய்து எடுங்கள். துளைக்குழாயை உருவி, பழைய பஞ்சைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு பிய்த்து எடுங்கள். முகமூடியும் கையுறையும் இல்லாமல் தொடவே கூடாது, அந்த இழை நுரையீரலுக்கு ஆகாது. துளைகளில் அடைந்த கரியைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்தபின், குழாயை ஒட்டி மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நார் ஒரு சுற்று, அதன்மேல் கிளாஸ் வுல். நார் இருந்தால் சூடு நேராகப் பஞ்சில் படாது, ஆயுள் கூடும். மிக இறுக்கமாகத் திணித்தால் ஒலியை உறிஞ்ச இடமிருக்காது. தளர்ந்திருந்தால் அதிர்ந்து அதிர்ந்து பொடியாகும். டப்பாவுக்குள் போகும்போது கைக்கு லேசான எதிர்ப்புத் தெரிய வேண்டும், அதுவே சரியான அளவு. பஞ்சு கலையாமல் இருக்க மாஸ்க்கிங் டேப்பால் சுற்றிக்கொள்ளலாம், அது முதல் சூட்டிலேயே எரிந்துவிடும். மூடியின் விளிம்பில் அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பூசி, புது ரிவெட் அடித்து மூடுங்கள். வண்டியைக் கழுவும்போது சைலன்சர் வாயை ரப்பர் மூடியால் அடையுங்கள். புதுப் பஞ்சில் தண்ணீர் ஏறினால் செய்த வேலை வீண்.

சத்தத்தின் எல்லை

கலிஃபோர்னியாவில் 1986 முதல் தயாரான ஆஃப்-ரோடு வண்டிகளுக்கு 96 டெசிபல் எல்லை. சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில் மீட்டரைப் பிடித்து, உச்ச ஆர்.பி.எம்.மில் பாதியில் இன்ஜினை வைத்து அளக்கிறார்கள். இதே அளவை நீங்களும் ஒரு மலிவான ஒலி மீட்டரை வைத்துச் செய்து குறித்துக்கொள்ளலாம். மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு, பத்து கூடினால் பத்து மடங்கு. சத்தத்தால் ஊரார் புகார் கொடுத்து மூடப்பட்ட தடங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏராளம். நம்மிடம் இருக்கும் தடங்களே விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றைச் சுற்றியும் ஊர் வளர்ந்துகொண்டிருக்கிறது. அடைப்பு கொடுத்த சைலன்சரோடு ஓட்டினால் வேகம் குறையும் என்று நினைப்பவர்கள், தொழிற்சாலை அணிகளும் ஒலி எல்லைக்குள்தான் வெல்கின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தியச் சாலையில் நிலைமை இன்னும் கண்டிப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 190(2)-ஆம் பிரிவின்படி ஒலி, புகை விதியை மீறினால் முதல் தடவையே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும். பந்தயக் குழாய் மாட்டிய வண்டியைத் தடத்துக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், டாடா ஏஸில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

சோதனை ஓட்டம்

புதுக் குழாய் நல்லதா என்பதைக் காதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பயிற்சி நாளில் பழைய குழாயோடு சில சுற்று ஓட்டுங்கள். அதே டயர் அழுத்தம், அதே பெட்ரோல் அளவு வைத்துக்கொண்டு புதுக் குழாயோடு அதே எண்ணிக்கை ஓட்டுங்கள். பிறகு மறுபடி பழையதை மாட்டி இன்னும் சில சுற்று. இந்தக் கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தடம் காய்ந்ததாலோ கை பழகியதாலோ நேரம் குறைந்திருந்தால் அது இதில்தான் வெளிப்படும். முழுச் சுற்று நேரத்தைவிட, இறுக்கமான ஒரு வளைவின் நடுவிலிருந்து அடுத்த ஜம்ப் வரை ஆகும் நேரத்தை நண்பர் ஒருவரை ஸ்டாப் வாட்சோடு நிறுத்தி எடுக்கச் சொல்லுங்கள். அவரை வளைவின் உள்பக்கத்தில், வண்டி விழுந்தால் வராத இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் பின்சக்கரம் சுழன்று மண்ணை வாரி இறைக்கிறது என்பதையும் அவர் கவனித்துச் சொல்லட்டும்.

மூன்று கட்டத்தின் நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள், கூடவே ஜெட் அளவு, ஸ்ப்ராக்கெட் பல், தடம் ஈரமா காய்ந்ததா என்பதையும். கழற்றிய கம்பெனி சைலன்சரைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். எண்ணெய்த் துணியால் துடைத்து, இரண்டு வாயையும் அடைத்து, சென்சாரின் மரையில் மூடி போட்டு எடுத்து வையுங்கள். வண்டியை மறுபடி சாலைக்கு இறக்கும் நாளிலும், விற்கும் நாளிலும், கம்பெனிக் குழாய் மட்டுமே அனுமதிக்கும் பிரிவில் ஓட்ட நேரும்போதும் அதுதான் வேண்டும்.